டைமிங் லைட்டில் 38 டிகிரி சரியாகக் காட்டுகிறது, ஆனால் இன்ஜின் கொதிக்கிறது (1970 டிரயம்ப் 650 ட்வின்)

#1 இரட்டைக்குழல்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1970 டிரயம்ப் டி120 பான்னெவில். 649 சிசி, இரண்டு அமல் கார்பரேட்டர், பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் செட் பழையபடியே இருக்கிறது. எலக்ட்ரானிக் கிட் எதுவும் போடவில்லை.

குளிர்ந்த இன்ஜினில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐட்லிங்கும் பரவாயில்லை. ரோட்டில் இறங்கினால்தான் தொந்தரவு. மூன்றாவது கியரில் த்ராட்டிலைத் திறந்தால் சத்தம் கூடுகிறதே தவிர இழுவை வரவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினாலே முழங்காலில் அனல் அடிக்கிறது. பெண்ட் பைப் (புகை வெளியே போகும் குழாய்) இரண்டும் ஹெட்டை ஒட்டிய இடத்தில் நீலம் பாய்ந்துவிட்டன. வலது பக்கம் இன்னும் மோசம்.

முன்பு வண்டியைப் பார்த்த மெக்கானிக் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லி மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிவிட்டார். எந்த மாற்றமும் இல்லை.

டைமிங்கை நானே பார்த்துவிட்டேன். இரண்டு பாயிண்ட்டுக்கும் கேப் 0.38 மி.மீ. இடது பிரைமரி கவரில் மூன்று திருகு போட்ட வட்ட மூடியைக் கழற்றி டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) அடித்தேன். 3000 ஆர்பிஎம்மில் இடது சிலிண்டருக்கு ஆல்டர்னேட்டர் ரோட்டரில் உள்ள கோடு முள்ளுக்கு நேராக நிற்கிறது, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 38 டிகிரி முன்னால் பொறி விழுகிறது. வலது சிலிண்டருக்குக் கோடு முள்ளைக் கொஞ்சம் தாண்டிய பிறகுதான் லைட் அடிக்கிறது. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை சூடு? வேறு எங்கே தேடுவது?

#2 ஜெட்நீடில்

நீலம் பாய்ந்த பைப் என்றால் முதல் சந்தேகம் லீன் மிக்ஸர்தான், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஜெட்டை ஏற்றியும் மாறவில்லை என்றால் கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். இந்த அமல்களில் ஃபிளாஞ்ச் வளைந்துபோவது சகஜம். நட்டை அளவுக்கு மேல் இறுக்கி இறுக்கியே வளைத்திருப்பார்கள். கண்ணாடித் தட்டில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். இன்ஜின் ஐட்லில் ஓடும்போது ஜாயிண்ட்டைச் சுற்றிக் கார்பரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடித்துப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே ஓட்டை. சூடான பைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக் என்ன நிறம்?

#3 இரட்டைக்குழல்

ஃபிளாஞ்ச் இரண்டையும் ஏற்கெனவே தேய்த்துச் சமன் செய்தாயிற்று. ஸ்ப்ரே அடித்தும் பார்த்தேன், மாற்றம் இல்லை. பிளக் இரண்டும் நல்ல காப்பி நிறம். ஜெட் ஏற்றிய பிறகு ஓரத்தில் கொஞ்சம் கரியும் சேர்கிறது. லீன் என்று சொல்ல வழியே இல்லை.

#4 திருப்புளி

ஜெட் பக்கம் போனது போதும். எனக்குச் சந்தேகம் வந்தது உங்கள் முதல் பத்தியில்தான். "ஒரே உதையில் ஸ்டார்ட்" என்கிறீர்களே, உதைக்கும்போது கிக்கர் எப்போதாவது காலைத் திருப்பி அடித்திருக்கிறதா? ஒழுங்காக டைமிங் வைத்த 650 அவ்வளவு சாதுவாக இருக்காது. அரைமனதோடு உதைத்தால் ஒரு முறையாவது பதில் சொல்லும்.

இந்த வண்டியின் கணக்கைச் சொல்கிறேன். பாயிண்ட் கேம், எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. கேம்ஷாஃப்ட் கிரான்க்கின் பாதி வேகத்தில் சுற்றும். வேகம் கூடக் கூடப் பொறியை முன்னுக்குத் தள்ளும் அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் முழுக்க விரியும்போது கேம் 12 டிகிரி முன்னே போகும். கிரான்க்கில் அது 24 டிகிரி. நின்ற நிலையில் 14, மேலே 24, மொத்தம் 38. ஸ்டார்ட் செய்யும்போது பொறி விழுவது டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 14 டிகிரி முன்னால். அது 5 அல்லது 6 டிகிரியாகக் குறைந்துவிட்டால் கிக்கர் பூனைக்குட்டி போல அடங்கிவிடும். ஓட்டும்போதோ எரிய வேண்டியது தாமதமாக எரிந்து, பாதி நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போகும். பைப் நீலமாகும், ஹெட் கொதிக்கும், இழுவை இருக்காது. பிளக் மட்டும் நல்ல நிறமாகவே இருக்கும். நீங்கள் எழுதிய அத்தனையும் இதில் பொருந்துகிறது.

ஆக டைமிங் ரிட்டார்ட் ஆகி, பொறி தாமதமாக விழுகிறது என்றே நினைக்கிறேன். லைட் 38 காட்டுகிறதே என்பீர்கள். லைட்டுக்கு டிகிரி தெரியாது. கோடு முள்ளுக்கு நேராக வந்த நேரத்தில் பொறி விழுந்தது, அவ்வளவைத்தான் அது காட்டும். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா?

இன்னொரு கேள்வி. ஐட்லிங்கில் இடது பக்கம், பிரைமரி கவருக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா?

#5 பொறிவண்டு

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுங்கள். ஒரு தடவை செட் செய்தால் மறந்தே போகலாம். கேப் தேய்மானம், கண்டென்சர், அட்வான்ஸ் ஸ்பிரிங் எல்லாத் தலைவலியும் ஒரே நாளில் தீரும்.

#6 திருப்புளி

மாட்டலாம், நான் எதிரியில்லை. ஆனால் அந்தக் கிட்டையும் எந்தக் கோட்டைப் பார்த்து செட் செய்வீர்கள்? இதே ரோட்டர் கோடுதான், இதே முள்தான். கோடு தப்பான இடத்தில் இருந்தால் புதுக் கிட்டும் தப்பான இடத்தில்தான் பொறி கொடுக்கும். கொஞ்சமும் பிசகாமல் தப்பாகக் கொடுக்கும், அதுதான் வித்தியாசம்.

அதோடு பழைய அனலாக் கிட்டுகள் சிலவற்றுக்குப் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் டைமிங் அலைபாயும். பிக்கப் தட்டில் ஒயர் அதிர்வில் உள்ளுக்குள் முறிந்து, வெளி உறை மட்டும் முழுசாக இருப்பதும் உண்டு. பாயிண்ட்டில் கோளாறு வந்தால் கண்ணால் பார்க்கலாம். அதில் அப்படி முடியாது.

#7 இரட்டைக்குழல்

திருப்புளி அண்ணே, கிக்கர் இதுவரை ஒரு தடவைகூட திருப்பி அடித்ததில்லை. வண்டி நல்ல வண்டி என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் உண்டு. ஐட்லில் இடது பக்கம் அடியிலிருந்து மந்தமாக "டொக் டொக்" என்று வரும். த்ராட்டில் கொடுத்தால் மறைந்துவிடும். கேட்டவர்கள் எல்லாம் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிரான்க்கில் சேரும் இடம்) பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். அதனால்தான் அதைத் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கி வைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

#8 திருப்புளி

நிறையவே சம்பந்தம் இருக்கலாம். பிக் எண்ட் போனால் சத்தம் பெரும்பாலும் லோடு ஏறும்போது கூடும். உங்களுடையது ஐட்லில் கேட்டு, வேகத்தில் மறைகிறது. இன்ஜினை இறக்க அவசரப்படாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் ரோட்டரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் எஃகு ஹப், அது வுட்ரஃப் கீ என்ற சின்ன ஆப்பு போட்டு கிரான்க்கில் உட்காரும். அதைச் சுற்றிக் காந்தங்களும் இரும்பு முனைகளும். எல்லாவற்றையும் சேர்த்து அலுமினியம் வார்த்து ஒரே உருளையாக்கியிருப்பார்கள். ஐம்பது வருஷச் சூட்டிலும் அதிர்விலும் அந்த வார்ப்பு ஹப்பிலிருந்து விட்டுப்போகும். நட்டு இறுக்கமாக இருக்கும், கீ முழுசாக இருக்கும், வெளி வளையம் மட்டும் ஹப்பின் மேல் நகரும். நகர்ந்து நகர்ந்து அடிப்பதுதான் அந்த "டொக் டொக்". டைமிங் கோடு வெட்டியிருப்பது வெளி வளையத்தில். வளையம் நகர்ந்தால் கோடும் கூடவே போகும்.

எந்தப் பக்கம் நகரும் என்றால், ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் மின்சாரம் எடுக்கும்போது காந்த வளையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் வளையம் பெரும்பாலும் கிரான்க்குக்குப் பின்தங்கும். பின்தங்கிய கோடு முள்ளுக்கு வரும் நேரத்தில் கிரான்க் 38-ஐத் தாண்டி டிடிசியை நெருங்கியிருக்கும். நீங்கள் அதைப் பார்த்து செட் செய்தால் டைமிங் ரிட்டார்ட்.

இதெல்லாம் ஊகம்தான், அளந்து பார்த்துவிடலாம். ரோட்டரை நம்பாமல் பிஸ்டனை வைத்து டிடிசி கண்டுபிடியுங்கள்.

#9 கிக்கர்கால்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நானும் ட்வின் வைத்திருக்கிறேன். டிடிசிதானே? பிளக்கைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பார்த்துக்கொண்டால் போதாதா?

#10 ஓவர்சைஸ்

போதாது. கணக்கைப் பாருங்கள். ஸ்ட்ரோக் 82 மி.மீ. டிடிசிக்கு இந்தப் பக்கம் 5 டிகிரியிலும் அந்தப் பக்கம் 5 டிகிரியிலும் பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கியிருப்பது வெறும் 0.2 மி.மீ. கையில் பிடித்த ஸ்க்ரூ டிரைவர் அந்தப் பத்து டிகிரி முழுக்க அசையாமல் நிற்பதாகவே தோன்றும். பிளக் துளை வேறு சாய்வாக இருக்கிறது, அதனால் நேராக உயரம் அளக்கவும் முடியாது. தேடுவதே ஏழெட்டு டிகிரிப் பிழையை. பத்து டிகிரி மங்கலான அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிஸ்டன் ஸ்டாப் முறைதான் சரி. உச்சியில் அளக்காமல், பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் இரு பக்கமும் அளந்து நடுவை எடுப்பது. இந்த இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் ஒரு சிலிண்டரில் செய்தால் போதும். செய்யும் விதம்:

பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு போல்ட்டைப் பொருத்தி வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். நுனி மழுங்கலாக இருக்கட்டும், பிஸ்டன் அலுமினியம். பிஸ்டன் உச்சிக்கு 6 மி.மீ. போலக் கீழே இருக்கும்போதே தடுக்கும் நீளம் வேண்டும்.

டிகிரி டிஸ்க் பெரிதாக இருந்தால் ரோட்டரையும் முள்ளையும் மறைத்துவிடும். 60 மி.மீ. விட்டத்தில் அட்டையில் ஒன்று அச்சிட்டு, மூடித் துளை வழியே ரோட்டர் நட்டின் மேல் ஒட்டுங்கள். நட்டின் மேல் மட்டும்தான். வெளி வளையத்தில் ஒட்டினால் அதுவும் ரோட்டரோடு சேர்ந்து பொய் சொல்லும். மூடியின் திருகு ஒன்றில் ஒரு கம்பித் துண்டைச் சுற்றி, நுனியை டிஸ்க் வரைக்கும் வளைத்துவிட்டால் அதுவே உங்கள் முள்.

இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு டாப் கியரில் பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், டிடிசிக்கு முன்னால், ஸ்டாப்பை முழுக்கத் திருகி, பிஸ்டன் வந்து முட்டும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாப்பைக் கழற்றி, டிடிசியைத் தாண்டி, மறுபடி அதே ஆழத்துக்குத் திருகி, சக்கரத்தை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றி அந்தப் பக்கம் முட்டும் டிகிரியை எடுங்கள். ஸ்டாப்பைக் கழற்றாமல் ஒரு முழுச் சுற்றுப் பின்னால் கொண்டுபோகும் ஆட்கள் உண்டு. அப்போது இன்லெட் வால்வு திறந்திருக்கும் இடத்துக்குப் போய்விடுவீர்கள், வால்வில் இடிக்க வாய்ப்பு இருக்கிறது. டிஸ்க் கிரான்க்கிலேயே இருப்பதால் செயின் லூஸ் எதுவும் கணக்கைக் கெடுக்காது.

இரண்டு அளவுக்கும் நடுவில் இருப்பது உண்மையான டிடிசி. கம்பி முள்ளைச் சரிசெய்து இரண்டு பக்கமும் ஒரே எண் வரும்வரை பாருங்கள். அப்புறம் ஸ்டாப்பை எடுத்துவிட்டு, டிஸ்க்கில் டிடிசிக்கு 38 முன்னால் கிரான்க்கை நிறுத்தி, ரோட்டர் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

#11 இரட்டைக்குழல்

செய்து முடித்தேன். ஓவர்சைஸ் சொன்ன அட்டை டிஸ்க் அருமையாக வேலை செய்தது.

முதலில் தோராயமாக வைத்ததில் முன்பக்கம் 34, பின்பக்கம் 22 என்று முட்டியது. நடு 6 டிகிரி தள்ளி இருந்தது. கம்பியை வளைத்து வளைத்து இரண்டு பக்கமும் 28 வருமாறு கொண்டுவந்தேன்.

பிறகு 38-இல் நிறுத்தினேன். ரோட்டர் கோடு முள்ளுக்கு வரவே இல்லை. இரண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. சக்கரத்தை மெல்லச் சுற்றி, கோடு முள்ளுக்கு நேராக வந்ததும் டிஸ்க்கைப் பார்த்தால் 29! நான் 38 என்று நம்பி ஓட்டியது 29 டிகிரியில். வலது சிலிண்டர் அதைவிடவும் பின்னால்.

டார்ச் அடித்து ரோட்டர் முகத்தைப் பார்த்தேன். நடு ஹப்பைச் சுற்றி அலுமினியத்தில் மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். எண்ணெயோடு கலந்த சாம்பல் நிறப் பசை அதிலிருந்து கசிந்திருக்கிறது. மர உளியின் பிடியால் வளையத்தை லேசாகத் தட்டினால் அதே "டொக்".

#12 திருப்புளி

அதேதான். இனி வண்டியை ஓட்டாதீர்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பது 0.2 மி.மீ. இடைவெளி. வளையம் ஆட்டம் கொடுத்து ஸ்டேட்டரில் உரச ஆரம்பித்தால் காயிலும் சேர்ந்து போகும்.

நின்ற நிலையில் 14-க்குப் பதில் 5 டிகிரியில் பொறி விழுந்திருக்கிறது. கிக்கர் சாதுவாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

#13 கிக்கர்கால்

சின்னச் சந்தேகம். உண்மையான 38 எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. ரோட்டரில் அந்த இடத்தில் பெயிண்ட்டால் புதுக்கோடு போட்டுக்கொண்டால் ரோட்டர் வாங்கும் செலவு மிச்சம் ஆகாதா? சார்ஜிங் சரியாகத்தானே இருக்கிறது?

#14 ஓவர்சைஸ்

ஆகாது தம்பி. வளையம் ஒரு முறை நகர்ந்து அங்கேயே உறைந்துவிட்டது என்றால் யோசிக்கலாம். இங்கே தட்டினால் ஆடுகிறது. இன்று போட்ட கோடு அடுத்த வாரம் வேறு இடத்தில் இருக்கும். சார்ஜிங் நடப்பதில் ஆச்சரியம் இல்லை, காந்தம் சுற்றினால் போதும், கிரான்க்கோடு எந்தக் கோணத்தில் சுற்றுகிறது என்பது ஸ்டேட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு நாள் ஒளிந்திருக்க முடிகிறது.

ரோட்டர் கோட்டை நம்பாமல் வேலை செய்ய இன்னொரு வழியும் உண்டு. சிலிண்டர் பிளாக்குக்குப் பின்னால் கிரான்க்கேஸில் ஒரு மூடித் திருகு இருக்கும். அதன் வழியே ஊசி இறக்கினால் ஃப்ளைவீலில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து கிரான்க்கைப் பூட்டும். அந்தப் பள்ளம் சில ஆண்டுகளில் டிடிசிக்கு, சில ஆண்டுகளில் 38 டிகிரிக்கு. மேனுவலில் உங்கள் இன்ஜின் எண்ணைப் பார்த்து உறுதி செய்யாமல் அதை நம்பக் கூடாது.

#15 இரட்டைக்குழல்

புது ரோட்டர் போட்டாயிற்று. இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், பிரைமரி கவர், எண்ணெய் எல்லாம் இறக்கி ஏற்றும் வேலை. ஸ்டேட்டர் இடைவெளி அளக்கும்போது ஒன்று கவனித்தேன்: எஃகு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு சரியான உணர்வே தரவில்லை. பித்தளைத் தகடு வாங்கிச் செய்தேன். சுற்றிலும் சமமாக 0.2 வந்தது.

அட்டை டிஸ்க்கை மறுபடி ஒட்டிப் புது ரோட்டரின் கோட்டையும் சரிபார்த்தேன். 38-இல் முள்ளுக்கு நேராக நிற்கிறது. "டொக்" சத்தம் போய்விட்டது!

மீதி இரண்டு விஷயம். இடதை 38-க்குக் கொண்டுவந்தால் வலது இன்னும் 34-இல்தான். அப்புறம் த்ராட்டிலை முறுக்கிப் பிடியை விட்டால் இன்ஜின் உடனே இறங்காமல் 2000 பக்கம் தொங்கி, பிறகு மெதுவாக இறங்குகிறது. முன்பும் இது இருந்தது, காற்று உறிஞ்சுவதாக நினைத்திருந்தேன்.

#16 திருப்புளி

4 டிகிரி வித்தியாசம் பயப்படும் விஷயம் இல்லை. கிரான்க்கில் 4 என்றால் கேமில் வெறும் 2. கேம்ஷாஃப்ட் நுனியில் கேம் துளி கோணலாக உட்கார்ந்தாலே அவ்வளவு வரும். அட்வான்ஸ் யூனிட்டைக் கழற்றி, கூம்பு வடிவ டேப்பரையும் அது உட்காரும் இடத்தையும் சுத்தமாகத் துடைத்து மறுபடி போடுங்கள். ஒரு துகள் மாட்டியிருந்தாலும் போதும்.

உங்கள் ஆண்டில் வந்தது 6சிஏ தட்டு. ஒவ்வொரு பாயிண்ட்டும் தனித் துணைத் தட்டில் இருக்கும், ஒவ்வொன்றையும் எக்சென்ட்ரிக் திருகால் தனியாக நகர்த்தலாம். 1967 வரைக்கும் வந்த 4சிஏ தட்டில் இந்த வசதி இல்லை. அதில் முழுத் தட்டையும் நகர்த்தி ஒரு சிலிண்டரைச் சரிசெய்த பிறகு, இரண்டாவதைக் கேப்பைக் கூட்டிக் குறைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். அந்தத் தலைமுறை வண்டிக்காரர்களைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.

முதலில் இரண்டு கேப்பையும் முடித்துவிடுங்கள், டைமிங் அதற்கு அப்புறம்தான். கேப் அகன்றால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் வைத்தது வீண். கேப்பை அந்தந்தப் பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும்.

முழு அட்வான்ஸில் வைத்துச் சரிபார்க்க, கேமின் நடு போல்ட்டைக் கழற்றி அதன் தலைக்குக் கீழே ஒரு வாஷர் போடுங்கள். வாஷரின் துளை உள்ளிருக்கும் தாங்கியைத் தாண்டும் அளவு பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது கேமை மட்டும் அழுத்தும். கேமைச் சுற்றும் திசையிலேயே கடைசிவரை திருகிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மிதமாக இறுக்கினால் எடைகள் விரிந்த நிலையிலேயே நிற்கும். கிரான்க் 38-இல் இருக்கும்போது பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே சின்ன 12 வோல்ட் பல்பை மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். இக்னிஷனை ரொம்ப நேரம் போட்டே வைக்காதீர்கள், காயில் சூடாகும். எப்போதும் முன்னோக்கியே சுற்றி அந்த இடத்துக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வாருங்கள், இல்லையென்றால் கியர்களின் லூஸ் கணக்கில் கலந்துவிடும். முடிந்ததும் வாஷரை மறக்காமல் எடுங்கள்!

ஐட்லிங் தொங்குவது அட்வான்ஸ் ஸ்பிரிங். எடைகளைக் கையால் விரித்துவிட்டால் "டக்" என்று திரும்ப வேண்டும். சோம்பிக்கொண்டு திரும்பினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பழைய கிரீஸ் இறுகியிருக்கும். இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் போதும். கூடுதல் எண்ணெய் பாயிண்ட்டில் தெறித்தால் வேறு வேலை வந்துவிடும்.

#17 பொறிவண்டு

டைமிங் லைட்டுக்கு மின்சாரத்தை வண்டியின் பேட்டரியிலிருந்து எடுக்கிறீர்களா? தனிப் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பேட்டரியில் மாட்டினால் சில லைட்டுகள் கண்டபடி இரட்டைக் கோடு காட்டும். அதோடு இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பழக்க தோஷத்தில் கறுப்புக் கிளிப்பைச் சட்டகத்தில் மாட்டிவிடாதீர்கள்.

கிட் மாட்டும் எண்ணம் வந்தால் சொல்லுங்கள். இப்போது உங்கள் கோடு நம்பத்தக்கது, நானும் திருப்புளி ஐயாவிடம் திட்டு வாங்க மாட்டேன்.

#18 இரட்டைக்குழல்

இப்போதைக்குப் பாயிண்ட்டே இருக்கட்டும். டேப்பரைத் துடைத்துப் போட்டதிலேயே வித்தியாசம் பாதியாகிவிட்டது, மீதியைத் துணைத் தட்டில் சரிசெய்தேன். லைட் அடித்தால் இரண்டு சிலிண்டருக்கும் 38. 3000-க்கு மேல் ஏற்றினாலும் கோடு நகரவில்லை. புது ஸ்பிரிங் போட்டதும் ஐட்லிங் தொங்குவது நின்றது.

ஓட்டிப் பார்த்தேன், வேறு வண்டி போல இருக்கிறது. மூன்றாவது கியரில் இழுக்கிறது, முழங்காலில் அந்த அனல் இல்லை. கிக்கரும் நேற்று மாலை முதல் முறையாகத் திருப்பி அடித்தது! ஆனால் மேட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய்த் த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் லேசாக "கிணிகிணி" என்கிறது. 38 அதிகமோ?

#19 ஓவர்சைஸ்

டாப் கியரில் இன்ஜினைத் திணறவிட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் எந்த 650-ம் முனகும். ஒரு கியர் இறக்கி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கேட்டால் இரண்டு டிகிரி குறைத்து 36-இல் வையுங்கள். 9:1 கம்ப்ரஷனுக்கு இன்று கிடைக்கும் பெட்ரோலில் அப்படி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர், இழுவையில் வித்தியாசம் தெரியாது. அந்தச் சத்தத்தோடு மட்டும் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ரிட்டார்ட் ஆன இன்ஜின் பைப்பைத்தான் நீலமாக்கும், அட்வான்ஸ் ஆனது பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

#20 திருப்புளி

36 எனக்கும் சம்மதம். ஆனால் முதலில் கரியைப் பாருங்கள். இத்தனை நாள் ஏற்றிய ஜெட்டில் ஓடியிருக்கிறது, பிஸ்டன் தலையில் படிந்த கரியே கிணிகிணிக்கக் காரணமாக இருக்கலாம்.

#21 ஜெட்நீடில்

அதைத்தான் சொல்ல வந்தேன். டைமிங்கில் கை வைக்கும் முன் மெயின் ஜெட்டைப் பழைய எண்ணுக்கே இறக்குங்கள், இரண்டு பக்கமும். புது பிளக் போட்டு, நீளமான நேர் ரோட்டில் முக்கால் த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். ஐட்லில் ஓடவிட்டுப் பார்த்த நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டு பிளக்கின் படத்தையும் இங்கே போடுங்கள், அதைப் பார்த்த பிறகு 36-ஆ 38-ஆ என்று பேசலாம்.